அரச காணியில் ஒரு காம்பரா

நீதிமன்றத்துக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது. திறப்பு விழா மலருக்கு ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இப்போது அங்கே மொழிபெயர்ப்பாளராக இருக்கும் பெண் தொலைபேசியில் பேசினாள். வழக்குகளில் நடந்த வேடிக்கைகள் ஏதாவது இருந்தால் எழுதச் சொன்னாள். வேடிக்கைகளும் இருக்கத்தான் செய்தன. களவுபோன சேவலைச் சாட்சிக் கூண்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவரின் கதையை எங்கள் அலுவலகத்தில் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் எழுத உட்கார்ந்தால் இராக்கம்மாவின் வழக்குத்தான் முன்னால் வந்து நிற்கிறது. இதை மலரில் போடுவார்களோ தெரியாது. எழுதிவிடுகிறேன்.

என் அப்பா தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்துக்காரராக இருந்தார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த பிள்ளைகளோடு தோட்டப் பள்ளிக்கூடம் போனேன். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடியதில் சிங்களம் வந்தது. பரீட்சை எழுதி, கண்டியில் பயிற்சி முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹட்டன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். எங்கள் நாட்டு நீதிமன்றங்களில் இந்த வேலை செய்பவரை முதலியார் என்பார்கள். பெண்ணாக இருந்தாலும் அதே பெயர்தான். நீதிமன்றத்தின் மொழி சிங்களம். வழக்காளிகளில் பாதிக்கு மேல் தமிழர்கள். அவர்கள் சொல்வதும் அவர்களுக்குச் சொல்லப்படுவதும் என் வாய் வழியாகத்தான் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலமும் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த காலமும் ஏறக்குறைய ஒன்று. எழுபதுகளில் வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்தும் உள்ளூர்ப் பணக்காரர்களிடமிருந்தும் அரசாங்கம் எடுத்த தோட்டங்கள் அவை. அரசுக் கூட்டுத்தாபனங்கள் நடத்தின, நட்டம் என்றார்கள், நீண்டகாலக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். காணி மட்டும் தொடர்ந்து அரசாங்கத்துக்குச் சொந்தம். பத்திரிகையில் இதைப் படித்தபோது எங்கள் அலுவலகத்தில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. பொருளாதாரம் கொழும்பில் நடக்கும் காரியம் என்றிருந்தோம். சில வருடங்கள் கழித்து அது வழக்கு இலக்கம் போட்டுக்கொண்டு எங்கள் படியேறி வந்தது.

அப்போது எங்களுக்கு இருந்த நீதவான் மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தோட்டத்து ஆட்களின் வழக்குகளை முதலில் கூப்பிடச் சொல்வார். பகல் பஸ்ஸைப் பிடித்துப் போனால் அவர்களுக்கு அரைப் பேராவது விழும் என்பார். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. தெற்கிலிருந்து வந்தவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒரு நடைமுறை. கட்டளையைப் படித்து முடித்ததும் நாங்கள் வழக்கமாக "விளங்கிச்சா?" என்று கேட்போம். எல்லோரும் விளங்கியது என்றுதான் சொல்வார்கள். அவர் அதை நிறுத்தினார். "விளங்கியதா என்று கேட்காதீர்கள், என்ன விளங்கியது என்று கேளுங்கள்" என்றார். எதிரில் நிற்பவர் தன் சொந்த வார்த்தையில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். சரியாக வரும்வரை அவர் பேனாவை எடுக்கமாட்டார். சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, அழுகிறவருக்காக மெதுவாக்கவும் கூடாது. அது கடினமான ஒழுங்கு. ஆனால் அவர் காலத்தில் யாரும் தன் வழக்கில் என்ன நடந்தது என்று தெரியாமல் வீட்டுக்குப் போகவில்லை.

இராக்கம்மாவின் குடும்பத்தை நான் முதலில் பார்த்தது நீதவான் முன்னால் அல்ல, தொழில் நியாயசபையில். அங்கே ஆளில்லாத நாட்களில் என்னை அனுப்புவார்கள். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் டிவிசனிலிருந்து சில இளம் பெண்கள் மனுப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி விஜயா, இராக்கம்மாவின் மருமகள். ஐந்தாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள், ஆனால் நிரந்தரத் தொழிலாளி என்ற பதிவு இல்லை. வேலை இருக்கும் நாளில் கூப்பிடுவார்கள், இல்லாத நாளில் இல்லை. கூட்டுத்தாபனம் இருந்த காலத்தில், ஓய்வுபெறும் தொழிலாளியின் வீட்டில் ஒருவருக்குப் பதிவு கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாமியார் ஓய்வுபெற்றதும் அந்தப் பதிவைத்தான் விஜயா கேட்டாள்.

கம்பனியின் சட்டத்தரணி கண்டியிலிருந்து வந்தவர், கெட்டிக்காரர். தாங்கள் ஒரு தனியார் கம்பனி, அரசாங்கமோ கூட்டுத்தாபனமோ தொழிலாளிக்குக் கொடுத்த வாக்கு தங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடினார். போதாததற்கு, யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை, நிறுத்தாத வேலைக்கு நியாயசபை எப்படித் தீர்ப்புச் சொல்லும் என்றும் கேட்டார். சட்டப்படி அது சரியான கேள்வி. மனு தள்ளுபடியானது. விஜயாவுக்கு நான் அதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப வேலை செய்யுற நாங்க யாருங்க?" அது கேள்வியாகப் பதிவாகவில்லை. விசாரணை முடிந்திருந்தது.

அதே வாரம் நீதவான் நீதிமன்றத்தில் இராக்கம்மாவின் பேரைக் கூப்பிட்டேன்.

மேல் டிவிசனைக் கம்பனி மூடியிருந்தது. தேயிலை கிழடு தட்டிவிட்டது, கொழுந்து எடுக்கிற கூலிக்கே கட்டாது என்றார்கள். தோட்டத்து முகாமையாளரான துரையின் பழைய பங்களாவையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் உல்லாசப் பயண விடுதியாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பதிவுள்ள குடும்பங்களுக்குக் கீழ் டிவிசன் லயங்களில் காம்பரா கொடுத்து இறக்கிவிட்டார்கள். காம்பரா என்பது வேலையோடு வருகிற ஒற்றை அறை வீடு. இராக்கம்மா ஓய்வுபெற்றவர். புருஷன் செத்துப்போனார். மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்றான். விஜயாவுக்குப் பதிவில்லை. ஆகவே அந்த வீட்டில் தொழிலாளி என்று யாருமில்லை என்று முடிவாகி, வெளியேறச் சொல்லி நோட்டீஸ் போனது. அவர் போகவில்லை. அதனால் மனு.

மனு போடப்பட்ட சட்டம் அரச காணியை மீட்கும் சட்டம். அரசாங்கக் காணியில் அனுமதியில்லாமல் இருப்பவரை வெளியேற்ற வந்தது. நடைமுறை மிகச் சுருக்கம். அதிகாரி நோட்டீஸ் கொடுப்பார், பிறகு சத்தியக்கடதாசியோடு நீதவானிடம் வருவார். இருப்பவர் ஒன்றே ஒன்றைத்தான் காட்டலாம்: அரசாங்கம் எழுத்தில் கொடுத்த, இன்னும் செல்லுபடியாகும் அனுமதி. வேறு எந்தச் சாட்சியத்தையும் நீதவான் கேட்க முடியாது. தோட்டங்களைக் கம்பனிகள் நடத்தத் தொடங்கிய பிறகு, தோட்டத்துத் துரையும் அந்த நோட்டீஸில் கையெழுத்து வைக்கும் அதிகாரியானார்.

கம்பனிக்காக எழுந்தவர் அதே கண்டிச் சட்டத்தரணி. காணி அரசாங்கத்துடையது, கம்பனி வெறும் குத்தகைக்காரர், அரச காணியைப் பாதுகாப்பது தங்கள் கடமை என்றார். நியாயசபையில் அவர் சொன்னதும் என் வாய் வழியாகத்தான் போனது, இதுவும் அப்படித்தான் போனது. வேலை கேட்டபோது அது தனியார் கம்பனி. வீட்டைக் கேட்டபோது அது அரசாங்கம். இரண்டும் சட்டப்படி உண்மை. இராக்கம்மாவின் பக்கத்தில் நின்ற இளம் சட்டத்தரணி சந்திரமோகன் கந்தப்பளையில் லயத்தில் பிறந்தவர். இந்த முரண்பாட்டை எடுத்துச் சொல்ல எழுந்தார். நியாயசபையில் நடந்தது இந்த விசாரணைக்குள் வராது என்று மறுதரப்பு ஆட்சேபித்தது. ஆட்சேபம் சரி என்றார் நீதவான்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்: இந்த இடத்தில் இருப்பதற்கு அரசாங்கம் எழுத்தில் கொடுத்த அனுமதி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

இராக்கம்மா உயரமான பெண். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி முன்னந்தலையில் முடி மெலிந்திருந்தது. கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"காம்பரா குடுத்தது பெரிய தொரைங்க. வாயாலதான் சொன்னாரு. எங்களுக்கு யாருங்க எழுதிக் குடுத்தாங்க?"

சந்திரமோகன் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். இராக்கம்மாவின் அடையாள அட்டை, வாக்காளர் அட்டை, அந்த லயத்தின் விலாசத்தில் பிறந்த மகனின் பிறப்புச் சான்றிதழ், புருஷனின் மரணச் சான்றிதழ். நீதவான் எல்லாவற்றையும் முழுதாகப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இவர் அங்கே வாழ்ந்தார் என்பதை இவை காட்டுகின்றன, அதை யாரும் மறுக்கவில்லை, அங்கே இருக்கிறார் என்பதுதானே மனுவே என்றார். அதை மொழிபெயர்த்தபோது இராக்கம்மா தலையாட்டினார். தன் பக்கம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதற்குப் பிறகு, இவை எதுவும் அனுமதி ஆகாது என்ற மீதியை நான் சொல்ல வேண்டியிருந்தது.

நீதவான் உடனே கட்டளை போடவில்லை. தவணை கொடுத்தார். துரையை நேரில் வரச் சொன்னார். துரை வந்தார், மரியாதையான மனிதர். குடும்பத்தில் யாராவது ஒருவருக்குப் பதிவு இருந்தால் நாளைக்கே காம்பரா தருகிறேன் என்றார். பதிவு கொடுக்கலாமே என்று நீதவான் கேட்டார். புதிதாகப் பதிவு செய்வதில்லை என்பது கொழும்பு அலுவலகத்தின் தீர்மானம், தன் கையில் இல்லை என்றார். மறுபடி ஒரு தவணை. மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை கம்பனியின் சட்டத்தரணி, இந்தச் சட்டத்தில் தவணை கொடுத்துக்கொண்டே போக இடமில்லை என்று பணிவாக நினைவூட்டினார்.

அன்று மதிய இடைவேளையில் வழக்குக் கோப்பு ஒன்றைக் கொண்டு நீதவானின் அறைக்குப் போனேன். அவர் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவராகவே பேசினார். காணிகளை அரசாங்கம் எடுத்த காலத்தில் தான் பாடசாலை மாணவன், ஊர்வலத்தில் போனவன் என்றார். மக்களின் காணி என்று கத்தினோம் என்றார். மக்களின் காணியைப் பெரிய மனிதர்கள் பிடித்துவிடாமல் காக்கத்தான் பின்னால் இந்தச் சட்டம் வந்தது என்று நம்பினாராம். பெரிய மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கை இழுக்க வல்லவர்கள் என்பதால்தான் நீதவானின் கையைக் கட்டி, ஒரு கேள்வியோடு நிறுத்தினார்கள். "கை கட்டப்பட்டது அவர்களுக்காக. நிற்பது இந்த அம்மா" என்றார்.  கோப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

கட்டளை போட்ட நாளில் நீதிமன்றம் நிறைந்திருந்தது. கீழ் டிவிசனிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நீதவான் படித்தார், நான் வரிக்கு வரி சொன்னேன். கடைசியில் அவருடைய வழக்கப்படி, என்ன விளங்கியது என்று இராக்கம்மாவிடம் கேட்டேன்.

"நான் வெளிய போகணும்னு சொல்றாங்க" என்றார். பிறகு, "எங்க போறதுன்னு மட்டும் சொல்லலீங்க" என்றார்.

அதையும் சிங்களத்தில் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். நீதவான் பேனாவை எடுத்தார். சரியாகத்தான் விளங்கியிருக்கிறது என்று எழுதச் சொன்னார். கட்டளையின் முடிவில் தன் கையால் ஒரு பந்தி சேர்த்தார். தலைமுறைகளாக உழைத்தவரின் வசிப்பிடத்தை இந்தச் சட்டம் கருதிப் பார்க்கவில்லை, சட்டம் ஆக்குவோர் இதைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பந்தியை நானே தமிழாக்கி இராக்கம்மாவிடம் சொன்னேன். அதனால் காம்பரா கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றேன்.

வெளியேற்ற நாளில், நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால் அதிகாரி என்னைக் கூட வரச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனி மாத மழை, மலை முழுக்கப் பனிமூட்டம். ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டதால் மீதியை நடந்தோம். லயத்தின் மற்றக் காம்பராக்கள் ஏற்கெனவே கூரை இல்லாமல் நின்றன. ஆட்கள் போனதும் தகரத்தைக் கழற்றிவிடுவார்கள், யாரும் திரும்பி வந்துவிடாமல். நடுவில் இராக்கம்மாவின் காம்பராவில் மட்டும் புகை வந்துகொண்டிருந்தது.

சண்டை எதுவும் நடக்கவில்லை. பொலிஸ்காரர்கள் இருவரும் குடையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். விஜயா லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த லீக்ஸ் மரக்கறியைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் தடிப்புக்கூட வராத லீக்ஸ். சாமான் அதிகமில்லை. எல்லாம் வெளியே வந்த பிறகு இராக்கம்மா கதவைக் காட்டினார். கதவு இல்லாமல் வெறும் சாக்குத் தொங்கிய காலத்தில், தேயிலைப் பெட்டிப் பலகைகளை வாங்கிப் புருஷன் செய்து போட்ட கதவு. தோட்டம் கொடுத்ததில்லை. அதைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டார்.

பிஸ்கால் அதிகாரி கட்டளையை எடுத்துப் பார்த்தார். காணியும் அதிலுள்ள கட்டடமும் என்று இருந்தது. கட்டடத்தோடு பொருத்தியது கட்டடத்தைச் சேரும் என்றார். அதை நான் சொன்னேன். பிறகு அவர் என்னிடம் தணிந்த குரலில், நான் ஜீப் வரைக்கும் போய் வருகிறேன், அதற்குள் கழற்றினால் நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் சொன்னேன். இராக்கம்மாவும் விஜயாவும் ஒரு கத்தியை வைத்து முயன்றார்கள். நானும் பிடித்தேன். கதவை நிலையோடு பிணைத்த பிணைச்சல்கள் துருப்பிடித்து மரத்தோடு மரமாய் இறுகிப் போயிருந்தன. ஒரு ஆணிகூட அசையவில்லை. அதிகாரி திரும்பி வந்தபோது கதவு இருந்த இடத்தில் இருந்தது. தகரம் கழற்ற வந்திருந்த தோட்டத்து ஆட்கள் ஏணியைச் சாத்தினார்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணி பதிவகத்துக்கு வந்தார். இளைஞர், நல்ல தமிழ் பேசினார். இராக்கம்மா வழக்கின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும் என்றார். விடுதி கட்டுவதற்குக் கடன் கொடுக்கும் வங்கியின் சார்பில் வந்தவர். நீதவான் தன் கையால் எழுதிய பந்தியில் அவருடைய விரல் நின்றது. மனதுக்குள் ஒரு நம்பிக்கை எனக்கு. அவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதுதான் முக்கியம். இரக்கப்படுகிற நீதவானே ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறாரே. வங்கிக்கு இதைவிட என்ன உறுதி வேண்டும்?" மனுப் போட்டதிலிருந்து வெளியேற்றும் வரை எவ்வளவு காலம் போனது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அதன்பிறகு அப்படிப்பட்ட மனுக்கள் கூடின. லாபமில்லாத டிவிசன் என்று முன்பு கைவிட்டவை, ஆட்களை விரைவாக இறக்கலாம் என்று தெரிந்ததும் பெறுமதியுள்ள இடங்களாகிவிட்டன. நட்டம் என்ற கணக்கு சட்டத்தைத் தேடிப் போனது, சட்டம் கிடைத்ததும் கணக்கே மாறியது. ஒவ்வொரு மனுவிலும் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் நீதவான் மாற்றலாகிப் போனார். அவர் கையால் எழுதியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எனக்கும் நுவரெலியாவுக்கு மாற்றம் வந்தது. இரண்டாயிரங்களில் ஒரு நாள் அங்கே வழக்குப் பட்டியலில் அந்தப் பேரைக் கூப்பிட்டேன். அதே பேருள்ள வேறொருவர் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்றவர் இராக்கம்மாதான். முதுகு கூனியிருந்தது. கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தங்கச்சி குடும்பத்தோடு ஒண்டியிருந்தார். அவர்கள் காம்பராவில் ஏற்கெனவே எட்டுப் பேர். லயத்தின் பின்சுவரோடு தகரத்தைச் சாய்த்து ஒரு மறைப்புப் போட்டு இவரை அதில் வைத்திருந்தார்கள். அனுமதியில்லாத கட்டடம், அனுமதியில்லாத ஆள். அதே சட்டம், வேறு கம்பனி. விஜயா வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டாள் என்று பிறகு சொன்னார். மகனிடமிருந்து தகவல் இல்லை.

புது நீதவானுக்கு அன்று நிறைய வழக்குகள். கேள்வியை வாசித்தார். நான் தமிழில் தொடங்கி முடிக்குமுன் இராக்கம்மா, "இல்லீங்க" என்றார். கட்டளை சில நிமிடங்களில் முடிந்தது. என்ன விளங்கியது என்று யாரும் கேட்கச் சொல்லவில்லை.

மத்தியானம் பதிவகத்தின் ஜன்னலுக்கு வந்து நின்றார். என்னை அடையாளம் தெரிந்திருந்தது. கட்டளையின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாசித்துச் சொல்லச் சொன்னார், சொன்னேன். அவர் பேர் எங்கே இருக்கிறதென்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். இடத்தின் பேரையும் காட்டச் சொன்னார்.

"இது அரசாங்கம் எழுதிக் குடுத்ததுதானே மிஸ்?"

"ஆமாம்மா. கோர்ட்டு குடுத்தது."

"எம் பேரும் இருக்கு, எடமும் இருக்கு. அப்ப இத வச்சுக்கிட்டு எங்கயாச்சும் இருக்கலாங்களா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. இரண்டு நீதிமன்றத்திலும் எழுத்து இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது என்று மெய்யாகவே நினைத்திருந்தார்.

"இல்லம்மா. நீங்க அங்க இருக்கக் கூடாதுன்னு எழுதினதுதான் இது" என்றேன்.

 அவர் தாளை நாலாக மடித்தார்.

"பரவால்லங்க. இருக்கட்டும்" என்று சொல்லி, இடுப்பிலிருந்த சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போனார்.